மூன்று சுற்று, மூன்று மிளகாய்

அக்கா,

இன்று காலை எங்கள் வீட்டில் மிளகாய் வற்றல் கருகும் நெடி. சமையலில் நேர்ந்த தவறு இல்லை, வேண்டுமென்றே நெருப்பில் போட்டது. யாருக்காகப் போட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நேற்று சுருளிப்பட்டியில் உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்தே எழுத நினைத்தேன். நெடி ஏறியதும் உட்கார்ந்துவிட்டேன்.

நாம் அறிமுகமானது சின்னமனூரில், ஒரு மருத்துவமனையின் மாடி அறையில். 'நடத்தைச் சிக்கலுள்ள குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி' என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தது. பத்து சனிக்கிழமைகள். பிள்ளைகளைப் பழுது பார்த்துத் தருவார்கள் என்று நம்பி வந்திருந்தோம். பழுது பார்க்கப்போவது நம்மைத்தான் என்பது உள்ளே போய் உட்கார்ந்த பிறகே தெரிந்தது. வந்திருந்த ஒன்பது பேரில் ஆண் நான் ஒருவன். "உங்க கோவந்தானே அவளுக்கும். நீங்களே போய்ப் படிச்சிட்டு வாங்க" என்று என் மனைவி அனுப்பிவைத்திருந்தாள்.

என் மகள் மலருக்கு அப்போது ஏழு வயது. கோபம் வந்தால் கடிப்பாள். அரையாண்டுத் தேர்வுக்குள் இன்னொரு பிள்ளையின் கையில் ரத்தம் பார்த்தால் டி.சி.யைக் கொடுத்துவிடுவேன் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அது அவளுக்கு மூன்றாவது பள்ளி. அதற்கு மேல் எங்கள் ஊரான கம்பத்தில் எங்களைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. உங்கள் பாண்டிக்கு ஆறு வயது. பந்தலில் பழுக்காத திராட்சைக் கொத்துகளை இழுத்துப் பிய்ப்பவன். இரண்டு மூச்சு விடும் நேரம்கூட ஓரிடத்தில் உட்காராதவன்.

பயிற்சி கொடுத்தது மதுரையிலிருந்து வந்த ஓர் இளம்பெண். நாம் டீச்சர் என்றோம். பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்தால் உடனே குனிந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து, என்ன செய்தது என்பதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். பாராட்டியதும் நோட்டில் ஒரு கட்டத்தில் டிக். இவ்வளவுதான் பாடம். இரண்டாம் வாரம் எல்லார் நோட்டிலும் டிக் இருந்தது. உங்கள் நோட்டு மட்டும் வெள்ளையாக இருந்தது.

"பெத்தவ வாயால எப்படி டீச்சர் சொல்றது? கண்ணு பட்டுரும்ல?"

டீச்சர் அரை மணி நேரம் விளக்கினார். நீங்கள் தலையாட்டினீர்கள். மூன்றாம் வாரம் உங்கள் கட்டங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் மூன்று கோடுகள்.

"இது என்னக்கா?"

"அது மிளகா டீச்சர். பாராட்டுன கையோட சுத்திப் போட்டுர்றேன். கால் கிலோ வத்தல் காலி."

அறையே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "ஏன் தம்பி இப்படிச் சிரிக்கிறீக? நீங்க பாராட்டுனதை வாசிங்க, கேப்போம்."

வாசித்தேன். 'மலர், நீ தட்டைக் கழுவி வைத்தது பாராட்டுக்குரியது.'

"பத்திரம் எழுதுன மாதிரில்ல இருக்கு? கீழ சாட்சிக் கையெழுத்து யாரு போட்டாக?"

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் என்பது உங்களுக்குத் தெரியும். மறுவாரத்திலிருந்து எனக்குச் 'சாட்சி' என்று பெயர் வந்தது.

இதற்கிடையில் உங்கள் பேச்சிலிருந்து டீச்சர் ஒன்றைக் கவனித்தார். இரண்டு மூச்சு உட்காராத பாண்டி, மிளகாய் சுற்றும்போது மட்டும் கிழக்கே பார்த்து, முழங்கால்களில் கைவைத்து அசையாமல் உட்காருகிறானாம். எவ்வளவு நேரம் என்று கேட்டார். "மூணு சுத்துச் சுத்தி மூணுவாட்டி துப்புற வரைக்கும்" என்றீர்கள். டீச்சர் அந்த அளவையை அப்படியே தன் கோப்பில் எழுதிக்கொண்டார்.

ஆறாம் வாரம் மலர் மறுபடி ஒருத்தியைக் கடித்தாள். ரத்தம் வரவில்லை. இதுவே கடைசி என்றார் தலைமையாசிரியை. அந்தச் சனிக்கிழமை பஸ்ஸுக்காக நிற்கும்போது உங்களிடம் சொன்னேன்.

"நீங்க நோட்டுக்குச் சொல்றீக தம்பி, பிள்ளைக்குச் சொல்லல. சொல்றப்போ அவ மூஞ்சியப் பாத்துருக்கீகளா? பேசாம மூணு மிளகாய எடுத்துச் சுத்துங்க."

"எனக்குத் திருஷ்டியில நம்பிக்கை இல்லைக்கா."

"உங்கள யாரு நம்பச் சொன்னா? சுத்துனாப் போதும், மத்தத மிளகா பாத்துக்கிரும்."

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டுப் பையன் மலரின் பென்சிலைப் பிடுங்கினான். அவள் வாயைத் திறந்தாள். பிறகு இரண்டு கைகளாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றாள். நான் அடுக்களைக்குப் போய் மூன்று வற்றலை எடுத்தேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று என் மனைவி நினைத்தாள். மகளைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்துச் சுற்றினேன். சுற்ற வேண்டுமானால் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நோட்டுக்காக யோசித்து வைத்திருந்த வாக்கியம் மறந்துபோனது.

"கடிக்காம வாயைப் பொத்திக்கிட்டியே ஆத்தா."

"நீங்க பாத்தீகளாப்பா?" என்றாள்.

ஏழு வருடம் அந்தப் பிள்ளையை எதற்கெல்லாம் பார்த்திருக்கிறேன் என்று அப்போது யோசித்தேன். கடித்த பிறகுதான் பார்த்திருக்கிறேன். மிளகாயை அடுப்பில் போட்டதும் வீடே இருமியது. நெடி வந்தால் திருஷ்டி இல்லை என்று பொருளாம். கண்படும் அளவுக்கு நான் பாராட்டவில்லை போலும்.

அரையாண்டு வந்தது. டி.சி. வரவில்லை. அதற்குப் பிறகு மலர் கடித்தவை பென்சில்களும், ஒரு முறை என் பொறுமையும்தான்.

நேற்று உங்கள் வீட்டில் பாண்டியைப் பார்த்தேன். எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன், என்னைவிட ஒரு முழம் உயரம். குனியத் தேவையில்லை, அண்ணாந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. "காலையிலேருந்து உக்காராம எல்லாருக்கும் தண்ணி குடுத்துக்கிட்டே இருந்தியேப்பா. பாத்தேன்." அவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அழுதான். மலர் என் பின்னால் நின்றிருந்திருக்கிறாள். மதுரை ஹாஸ்டலிலிருந்து உங்களுக்காக வந்தவள்.

இன்று காலை அவள் மூன்று வற்றலோடு வந்து நின்றாள். "நேத்து அங்கன பாண்டிகிட்ட நீங்க பேசினதைப் பாத்தேம்ப்பா. உக்காருங்க."

எனக்கு இன்றும் திருஷ்டியில் நம்பிக்கை இல்லை அக்கா. ஆனாலும் கிழக்கே பார்த்து, முழங்கால்களில் கைவைத்து, மூன்று சுற்றும் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாட்சி