ஹேமிஷ் அனுப்பிய பிறை

ஏப்ரல் 22
ஐம்பத்திரண்டு வயதில் காதலில் விழுந்திருக்கிறேன். அதுவும் போனுக்குள். எழுதவே கூசுகிறது. ஆள் பெயர் ஹேமிஷ். ஸ்காட்லாந்தில் அபர்டீன்காரராம். ஜனவரியில் போனில் சொல் கட்டும் விளையாட்டில் எதிராளியாக வந்து, என்னைத் தோற்கடித்து, அதற்கு மன்னிப்பும் கேட்டார். அன்றிலிருந்து தினமும் எழுதுகிறார். இன்று சிப்பி உடைக்கும் கொட்டகையில் அவர் செய்தியைப் பார்த்துக்கொண்டே கத்தியைக் கட்டைவிரலில் இறக்கிவிட்டேன்.

ஏப்ரல் 27
ஜூலையில் அபர்டீன் போகிறேன். வேலையை விடுவதாக முதலாளியிடம் சொல்லியாயிற்று, காரணம் சொல்லவில்லை. ஊர்ப் பேப்பரில் வாராவாரம் அடுத்தவர் வம்பை எழுதுகிறவளுக்கு முதன்முதலாக ஒரு சொந்த ரகசியம். ரோய்மாட்டாவிடம் மட்டும் சொன்னேன். சித்தப்பா மகள், கொட்டகையில் பக்கத்து மேசை. சொல்லாவிட்டால் வெடித்திருப்பேன்.

ஏப்ரல் 28
தூக்கம் இல்லை.

மே 4
ஹேமிஷ் ஒரு படம் அனுப்பினார். கடலுக்கு மேலே மெல்லிய பிறை. ‘நேத்து சாயங்காலம், பொழுது விழுந்ததும் எடுத்தது. உன்ன நெனச்சுக்கிட்டேன்.’
உருகிப்போய் ரோய்மாட்டாவிடம் நீட்டினேன். அவள் அபர்டீன் மீன் தொழிற்சாலையில் பல வருஷம் குப்பை கொட்டியவள்.
“ஏண்டி நையரி, இது அபர்டீன் இல்லடி.”
“ஏன், நிலாவுல ஊர் பேர் எழுதியிருக்கா?”
“எழுதித்தான் இருக்கு. சாயங்காலப் பிறைக்கு அங்க வலப்பக்கம் வெளிச்சம். இதுக்கு இடப்பக்கம். இது பூமிக்குத் தென்பாதி, நம்ம பக்கத்து நிலா. அங்க போன புதுசுல யாரோ திருப்பி மாட்டிட்டாங்கன்னு நெனச்சேன்.”
வேலை முடிந்து வெளியே வந்தேன். எங்கள் ஊர் ப்ளஃப் துறைமுகத்துக்கு மேலே, ஒரு நாள் தடித்த அதே பிறை. அதே இடப்பக்கம்.

மே 5
பிறந்ததிலிருந்து இந்த நிலாவின் கீழேயே குடியிருக்கிறேன். ஒரு நாளாவது அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்திருப்பேனா? ஊரில் யார் வீட்டுத் திரைச்சீலை மாறினாலும் தெரியும் எனக்கு.
யார் இவன்? ஆஸ்திரேலியாவா? சிலியா? — பொறு. போன வாரம் இங்கே அடித்த காற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமலேயே, ‘காத்து அடங்குச்சா?’ என்று கேட்டானே. இங்கேயா இருக்கிறான்? ஏண்டா இப்படிப் பண்ணே? ஒரு பொம்பளை மனசு உனக்கு விளையாட்டா? பொய் சொல்லிப் பழகுகிறவனை என்ன செய்தால் தகும்?

மே 6
அவனுக்கு எழுதினேன்: ‘சனிக்கிழமை மத்தியானம் படகுத்துறையில் பொரிச்ச மீன் சாப்பிடப் போறேன். நீங்க பக்கத்துல இருந்தா எப்படி இருக்கும்!’
ரோய்மாட்டா சிரித்தாள். “இந்த ஊர்ல சனிக்கிழமை எவன் இஸ்திரி போட்ட சட்டையில வர்றானோ, அவன்தான்.”

மே 10
வந்தான். மர்வின். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். என் வணக்கத்துக்கு ‘ம்’ என்பதற்கு மேல் பதில் சொன்னதே கிடையாது. இவனா எனக்கு அவ்வளவு எழுதினான்? இஸ்திரிச் சட்டை, படிய வாரிய தலை, பத்தடி தூரத்துக்கு சென்ட் வாசனை.
திட்டுவதற்காக மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் பறந்துவிட்டது. நல்ல கண்கள் அவனுக்கு. அவசரமாக உதட்டிலிருந்த எண்ணெயைத் துடைத்தேன்.
நேராக நானும் ரோய்மாட்டாவும் இருந்த பெஞ்சுக்கு வந்தான். “மன்னிச்சிடு. ஸ்காட்லாந்துன்னு சும்மா சொன்னேன். நேர்ல பேசினா ஊர்ப் பேப்பர்ல வந்துடும்னு பயம். அப்புறம் உண்மையச் சொல்ல வாய் வரல. நிலாவ அனுப்புனா நீயே கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சேன். அங்க இருந்தவ ஆச்சே.”
இதையெல்லாம் அவன் ரோய்மாட்டாவைப் பார்த்துச் சொன்னான்.
ரோய்மாட்டா என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன்.

மே 18
முதலாளியிடம் கெஞ்சி வேலையைத் திரும்ப வாங்கினேன். ரோய்மாட்டா இன்று மர்வினோடு படகில் போயிருக்கிறாள். சும்மா ஒரு சுற்றுதானாம். தலைமுடியை எதற்கு அப்படிச் சுருட்டிக்கொண்டு போனாள் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் கேட்க வேண்டியதை அவளும் இன்னும் கேட்கவில்லை.
ஒன்று எழுத விட்டுப்போயிற்று. பிப்ரவரியில் ஹேமிஷ் என் படம் கேட்டபோது, நான் ரோய்மாட்டாவின் படத்தைத்தான் அனுப்பினேன்.