சார்ஜரில் இல்லாத போன்

செங்கல்பட்டு
5 நவம்பர் 2025

அன்புள்ள ஜெசிந்தா,

நாற்பது போன்கள் சரியென்று சொன்னால் உன் தம்பி மோசஸின் போனும் சரியென்று ஆகுமா?

நான் ஆபீஸில் சோதித்துப் பார்க்கும், மீனவர்களுக்கான காற்று எச்சரிக்கை ஆப் பற்றித்தான் கேட்கிறேன். போன மாதம் என் பேச்சை நம்பி உன் தெருவே அதன் சோதனைப் பதிப்பை ஏற்றிக்கொண்டது. இங்கே ஆபீஸ் அலமாரியில் நிஜ போன்கள் நாற்பது. சோதனைப் புரோகிராமே திரையைத் தட்டுகிறது, எச்சரிக்கை அனுப்புகிறது, சைரன் ஒலித்ததா என்று குறித்துக்கொள்கிறது. தினமும் எல்லாம் பச்சை டிக். நேற்றுதான் எனக்கு உறைத்தது: அத்தனை போனும் எப்போதும் சார்ஜரில். கடலில் ஏது சார்ஜர்?

சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒரு பொய் எச்சரிக்கை அனுப்புகிறேன். படகில் வைப்பதுபோலவே மோசஸ் போனை வைத்திருக்கட்டும், இடையில் தொட வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் கட்டைவிரல் அனுப்பி முடித்துவிடாதே. நடந்ததை முழுசாக எழுது.

உன்
பர்வதம்

புதுப்பட்டினம்
9 நவம்பர்

அன்பு பர்வதம்,

உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உன் மூட்டுவலி எப்படி என்று நான் கேட்டால் மட்டும் எழுதமாட்டாய்.

"இன்னாக்கா, உன் பிரெண்டு என் போனுக்குப் பரிச்சை வெச்சிகினு கீதா?" என்று மோசஸுக்கு ஒரே கேலி. ஆனாலும் சொன்னபடி செய்தான். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் செட்டிங்கைப் போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வலைமேல் வைத்தான். கடலுக்குப் போகிற எல்லாரும் அப்படித்தானாம்.

நான்கு மணிக்குச் சத்தமே இல்லை. ஐந்தரைக்கு அவனே எடுத்துத் திரையைத் தொட்டான். உடனே அலறியது பார்!

"படகு கவுந்தப்புறம் சொல்லும் போல கீது" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆப் வந்ததிலிருந்து இங்கே யாரும் வானிலைச் செய்தி கேட்பதில்லை. நம்பாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "சரி பண்ணிடுவாங்க டீச்சர்" என்கிறார்கள்.

எனக்கு நீ சொன்னாய், தெருவுக்கு நான் சொன்னேன். நீ அதை மறக்காதே.

ஜெசிந்தா

செங்கல்பட்டு
13 நவம்பர்

அன்புள்ள ஜெசிந்தா,

மேலாளர் ஹரிஹரனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"மேடம், நாற்பது பாஸ், ஒண்ணு ஃபெயில். எதை நம்பறது?"

"சார்ஜர் இல்லேன்னா பேட்டரியை மிச்சம் பிடிக்க போன் ஆப்பைத் தூங்க வெச்சிடுது. கழற்றிட்டு நாற்பதையும் பாருங்க."

"நாளைக்கு ஆப் ரிலீஸ். அப்புறம் பாத்துக்கலாம்."

சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேலை இருக்குமா தெரியாது. சொன்ன பிறகும் நிம்மதி இல்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

14, வெள்ளி. இதைத் தபாலில் சேர்க்கவில்லை, அதனால் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கையெழுத்தைச் சிநேகா போட்டாள், நான் வேலை பழக்கிய பெண். காலையிலேயே ரிலீஸ். மதியம் நிஜமான எச்சரிக்கையே வந்தது. அலமாரியில் நாற்பதும் சேர்ந்து அலறின, எல்லோரும் கைதட்டினார்கள். நான் வெளியே வந்து மோசஸைக் கூப்பிட்டேன். கடலில் இருந்தான்.

"எனக்கு ஒண்ணும் வர்லியேக்கா."

பக்கத்துப் படகுகளையும் குரல் கொடுத்துத் திருப்பிக்கொண்டு கரை சேர்ந்துவிட்டான். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய்.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. "டீச்சரோட பிரெண்டா? மோசஸ் உங்க நம்பரைக் குட்த்தான். நாளைக்குக் காத்து கீதா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் அதே கேள்வியோடு அடுத்தவர் லைனில் வந்துவிட்டார்.

பர்வதம்