பெருநாள் காலையில் அளந்த அரிசி

786
பொகவந்தலாவை
1.6.1961

அன்பு மச்சானுக்கு றுக்கையாவின் ஸலாம். அல்லாஹ்வின் காவலில் நானும் பிள்ளைகளும் சுகம். கொழும்புக் காற்று உங்கள் நெஞ்சுச் சளிக்கு ஒத்துவருகிறதா?

நேற்று ஹட்டன் தொழில் நியாய சபையிலிருந்து கடுதாசி வந்தது. பதினைந்தாம் தேதி விசாரணை. நீங்கள் கடையை விட்டு நிறுத்திய மீராசாஹிப், தன் சாட்சியாக என் பெயரைக் கொடுத்திருக்கிறார். படித்ததிலிருந்து தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்பதே மறந்துபோகிறது.

அவர் மனைவி ரம்லா பின்வாசலுக்கு வந்தாள்.

"ஏன்டி என்னைய இழுத்துவிட்டீங்க?" என்று கத்திவிட்டேன்.

"நான் என்ன செய்ய ராத்தா? முதலாளி என்ன வேணும்னாலும் சொல்லுவாரு, ராத்தா நாக்குல பொய் வராதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு."

"என் நாக்கப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

"கறியில உப்பு கூடிப்போனா நீங்களே முதல்ல சொல்லிட்டுத்தான் சோறு போடுவீங்களாமே," என்று அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது உங்களைக் கேட்காமல் கடனுக்கு அரிசி கொடுத்தது அவர் பிழைதான். அதற்காக அன்றைக்கே வெளியே தள்ளியது அதிகம். தொள்ளாயிரம் ரூபாயும் ஒரு நற்சான்றும் கொடுத்தால் வழக்கை வாபஸ் வாங்குவார்களாம். முடித்துவிடுங்கள், மச்சான்.

உங்கள் துஆவை நாடும்
றுக்கையா

கொழும்பு
4.6.61

றுக்கையாவுக்கு,

சளி குறையவில்லை. ஒருவனுக்குக் கொடுத்தால் கடையில் நிற்கிற மற்ற மூன்று பேரும் நாளைக்குக் கை நீட்டுவார்கள். அப்புறம் கடை ஏது?

வக்கீல் வழி சொல்லிவிட்டார். மீராசாஹிப் நிரந்தர ஆள் இல்லை, தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் இரண்டு மாதம் வந்து போகிறவன். நான் அப்படித்தான் சொல்லப்போகிறேன். நீயும் அதையே சொல். ஒரு நிமிஷ வேலை.

ஹலீம்

பொகவந்தலாவை
7.6.61

அன்பு மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பயம் கூடிவிட்டது.

நோன்புப் பெருநாள் காலையில் ஏழைகளுக்குத் தலைக்கு இத்தனை என்று ஃபித்ரா அரிசி அளக்க உட்காருவீர்கள். நம் பொறுப்பில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை தலை என்று நான் கேட்பேன். "நீ, நான், பிள்ளைக ரெண்டு, மீராசாஹிபு. எழுதிக்க" என்பீர்கள். பதினொரு பெருநாளும் அவர் தலைக்கு உங்கள் கையாலேயே அளந்தீர்கள். இந்த வருஷமும்தான். வரிசையாக என் கணக்குக் கொப்பியில் இருக்கிறது.

அல்லாஹ்வுக்கு ஐந்து பேர் என்று சொல்லிவிட்டு, சபையில் நாலு பேர் என்று நான் எப்படிச் சொல்வேன்? அங்கே குர்ஆன் மேல் கை வைக்கச் சொல்வார்களாமே.

கோபப்படாதீர்கள்.

றுக்கையா

கொழும்பு
10.6.61

சாமான் சுற்றிவந்த பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் எனக்கு மார்க்கம் சொல்கிறாய். அந்தக் கொப்பியை அடுப்பில் போடு.

புதன்கிழமை நேராக ஹட்டனுக்கு வந்து நஸார் காக்கா கடையில் தங்குவேன். வியாழன் காலை நீ வந்து சேர். வேறு மாதிரிப் பேசினால், அங்கிருந்து அப்படியே கந்தப்பளையில் உன் வாப்பா வீட்டுக்குப் போய்விடு.

ஹலீம்

பொகவந்தலாவை
14.6.61, அஸர் தொழுகைக்குப் பின்

மச்சானுக்கு,

தபாலில் போட்டால் பிந்திவிடும் என்று இதை நஸார் காக்கா கடைக்கு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் சொன்னபடி கொப்பியை எரித்துவிட்டேன். உங்களுக்குப் பயந்துதான் எரித்தேன். எரிந்த பிறகு பார்த்தால், அல்லாஹ்வுக்குப் பயப்படுவது அப்படியே இருக்கிறது.

நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் இறங்குவதற்குள் நீங்களும் மீராசாஹிபும் பேசி முடித்திருந்தால், என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. உங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கூடவே வீட்டுக்கு வந்துவிடுவேன்.

முடிக்காவிட்டால் என் பெயரைக் கூப்பிடுவார்கள். கேட்டால், பதினொரு வருஷம் என்று சொல்லிவிடுவேன். குரல் வராது என்றுதான் பயமாக இருக்கிறது.

பிள்ளைகளையும் கூட்டி வருகிறேன். அவர்கள் உடுப்புகளைக் கட்டி வைத்துவிட்டேன். ஹட்டனிலிருந்து கந்தப்பளைக்குப் போக எங்கே மாறி ஏற வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டும் வைத்திருக்கிறேன்.

றுக்கையா