கொள்ளிக்குடம் தூக்கியவள்

மினசோட்டா
03.03.2024

அன்புத் தங்கச்சி பூரணிக்கு,

சுகமாக இருக்கிறாயா? அப்பாவின் ஞாபக மறதி இப்போது எப்படி? இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை.

நூறு வருடத்துக்கு முன் இங்கே குடியேறிய நோர்வேக்காரர்கள் தங்கள் மொழியிலேயே நாவல் எழுதினார்கள் என்று சொல்லியிருக்கிறேனே, அதுதான் என் ஆராய்ச்சி. இந்த மண்ணில் எழுதியது எந்த மொழியானாலும் அமெரிக்க இலக்கியந்தான் என்கிறார் என் பேராசிரியர். அந்த நோர்வேக் கதைகளோடு, நான் தமிழில் எழுதிய ஒன்றையும் தொகுப்பில் சேர்க்கிறார். அம்மாவின் சாவுதான் கதை. இந்தக் கடிதத்தோடு பிரதி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டு.

அன்பு அண்ணன்,
சுதாகரன்

டயகம
29.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடியே வாசித்துக் காட்டினேன். முதலில் நான் தனியாகப் பார்த்திருக்க வேண்டும். கதையில் மகன் பறந்து வந்து அம்மாவுக்குக் கொள்ளிக்குடம் தூக்குகிறான். தங்கச்சி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் மயங்கிக் கிடக்கிறாள்.

அண்ணே, நான் மயங்கவில்லை. "பொட்டப்புள்ள குடம் தூக்குறதா?" என்று ஆம்பளைகள் மறித்தார்கள். மீனம்மா அத்தைதான், "ஆறு மாசமா ஆத்தாளத் தூக்கி எறக்குனது இவதான், விடுங்கடா!" என்றார். நான்தான் தூக்கினேன். இன்றைக்கும் அதற்கு ஏச்சு வாங்குகிறேன். உங்கள் கதையை அமெரிக்கா தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளட்டும். நான் செய்ததை நீங்கள் எடுத்துக்கொள்ளலாமா?

பூரணி

மினசோட்டா
20.04.2024

பூரணி,

கூசிப் போனேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று அன்று சொன்னது பொய். அந்த வாரம் எனக்கு ஆய்வுத் தேர்வு. தள்ளிவைக்கக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வராத குற்றம் உறுத்தியதால் கதையிலாவது வந்து பார்த்தேன். உன்னை நினைக்கவேயில்லை, அதுதான் பெரிய குற்றம்.

திருத்திவிட்டேன். இப்போது மகள் தூக்குகிறாள், மகன் வரவே இல்லை. புத்தகத்தில் இதுதான் வரும். அப்பாவுக்கும் இதையே வாசி. அவர் என்னை ஏசட்டும். நீ மன்னிப்பாயா?

சுதாகரன்

டயகம
18.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

புதுக்கதையை மூன்று தரம் வாசித்து அழுதேன். மீனம்மா அத்தைக்கும் வாசித்தேன். "இப்பத்தான்டி சரி" என்றார். எனக்கு உங்கள் மேல் கோபமில்லை.

அப்பாவுக்கு மட்டும் வாசிக்கவில்லை. முன்பெல்லாம் தினமும், "மகன் ஆத்தாளப் பாக்க வரலியே" என்று அழுவார். முதல் கதையைக் கேட்ட நாளிலிருந்து நீங்கள் வந்துபோனதாகவே நம்புகிறார். அழுகை நின்றுவிட்டது. ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

நேற்று வந்தவர்களிடம், "எம்மவந்தான் குடம் தூக்குனான்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இல்லியா புள்ள?"

"ஆமாப்பா, அண்ணன்தான்" என்றேன்.

பூரணி