தனித் தொட்டியில் குட்டிகள்

காலை ஷிப்டுக்குக் கிளம்பும்முன் தீனி போடலாம் என்று சின்னத் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். பாசிக்கு நடுவே, கடுகளவு கண்ணோடு பத்துப் பதினைந்து அசைந்தன. தனியாகக் கிடக்கும் கப்பி மீன் மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது. நீ போய் இன்று பதினேழாம் நாள். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? யார் உள்ளே வந்தது என்று வாசல் பூட்டைப் போய்ப் பார்த்தேன்.

சிரிக்காதே. ஒரகடம் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் நிற்கிறவளுக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். "அத்த கம்பெனி கேட்லயே வுட்டுட்டு வாடி" என்பாய். நான் எங்கே விட்டேன்? வீட்டுக்கார அம்மாவிடம் கள்ளச்சாவி இருக்குமோ என்று வேலை நேரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

படப்பையில் ஒரே காம்பவுண்டில் நம் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. நான் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், நீ இங்கேயே பிறந்தவள். ஷிப்டு மாறும் நாட்களில் மீனுக்குத் தீனி போட உன்னிடம் ஒரு சாவி கொடுத்திருந்தேன். கப்பி முட்டையிடாது, குட்டியாகவே போடும். அதைத் தாயே தின்றுவிடாமல் ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பது உன் வேலை. மாதாமாதம் பெற்றுப் பெற்று அது இளைத்துப்போனது எனக்குப் பொறுக்கவில்லை. இருந்த ஒரே பெண்மீனை ஆண்களிடமிருந்து பிரித்துத் தனித் தொட்டிக்கு மாற்றினேன்.

ஒரு மாதத்தில் குட்டி போட்டது. வரும்போதே வயிற்றில் இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதமும் போட்டது. பெரிய தொட்டியில் ஆண்மீன்களை எண்ணினேன், ஆறும் இருந்தன. ஆண் வாடையே இல்லாமல் குட்டி எப்படி வரும்? நான் இல்லாத நேரம் ஒன்றைப் பிடித்து இதில் விட்டு, பிறகு எடுத்துவிடுகிறாயோ? குட்டி ஆசை உனக்குத்தானே அதிகம்! மூடிக்கு அடியில் ஒரு நூலை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் நூல் கீழே கிடந்தது.

கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தாய். "தீனி போட சொன்னதே நீதானடி. மூடியத் தொறக்காம எப்டிப் போடுவாங்க?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மூன்றாவது மாதம் குட்டிகளைக் கண்டதும் உன்னைக் கூப்பிட்டேன். "ஆம்பள மீன விட்டு எடுக்கது நீதான? சாவியக் குடுத்துரு" என்றேன். இந்த முறை நீ சிரிக்கவில்லை.

"நான் வுடலடி" என்றாய். ஒரே ஒரு தடவை. சாவியை வைத்துவிட்டுப் போனாய்.

அதற்குப் பிறகு தண்ணீர் பிடிக்கும் இடத்தில்கூட நாம் பேசிக்கொள்ளவில்லை. காய்ச்சலென்று உன்னைத் தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக உன் வீட்டுக்காரர்தான் சொன்னார். நீ கூப்பிட்டால் போகலாம் என்றிருந்தேன். என் திமிர், வேறென்ன? மூன்றாம் நாள் உன் உடலோடு ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

இன்று ஷிப்டு முடிந்ததும் குன்றத்தூர் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இதுகூடத் தெரியாமலா மீன் வளக்குற? ஒரு தபா ஆணோட சேந்தா போதும்மா. ஆணோட வித்த வயித்துலயே வெச்சிகினு, தனியா இருந்தாலும் நாலஞ்சு தபா குட்டி போடும்."

அவரையும் நம்பாமல் அடுத்த கடையில் கேட்டேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

கடையில் ஒரு வார்த்தை கேட்க எனக்கு இத்தனை மாதம் ஆனது. உன்னிடம் சாவியைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதுகிறேன், யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் "நான் வுடலடி" காதில் விழுந்துகொண்டே இருந்தது. உன் குரல் அப்படியே இருக்கிறது. அதைச் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நான் அப்போது மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.