மூன்று நிமிடம் முந்திவிட்ட உங்கள் குரல்

அன்புள்ள மும்தாஜ் ஆபா,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. உங்களிடம் திட்டு வாங்காமல் ஒரு வாரம்கூட இருந்தவளில்லை நான். அதனால் திட்டு வாங்கவேண்டிய விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அடையாறில் நம் சமுதாய வானொலியில் பத்து வருடமாக மாலை ஆறு மணிக்கு நீங்கள் நடத்திய உருது அரைமணி நேரத்தை ரம்ஜானோடு நிறுத்திவிடலாம் என்றார் பொறுப்பாளர் ரகு. "ஒரு போன்கூட வர்றதில்ல ஸ்டெல்லா மேடம். யாரு கேக்கறாங்க?" அது எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? பாதி உருது புரியாமல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தவள்தானே நான்.

போகிற நிகழ்ச்சி உங்கள் குரலோடு போகட்டும் என்று, ரம்ஜான் கடைசி வாரத்தில் உங்கள் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டேன். அது ஏதோ ஒரு வருடத்து முதல் நோன்பு. 'இப்போது நோன்பு திறக்கலாம்' என்று அதில் சொல்கிறீர்கள். நான் அதைப் போட்ட நாளில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அது மூன்று நிமிடம் முந்தி என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் மீர்சாகிப்பேட்டையிலிருந்து ஏழு பெண்கள் இரண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பேரீச்சம்பழத்தைக் கடித்த பிறகுதான் பள்ளிவாசலில் பாங்கு கேட்டதாம். அந்த நோன்பு போச்சு, பெருநாளுக்குப் பிறகு இன்னொரு நாள் வைத்து ஈடுகட்ட வேண்டுமாம்.

"ஆபா மவுத்தாகி அடக்கம் பண்ணது எங்களுக்குத் தெரியாதா? அவங்க குரல் சொன்னதும் கை தானா போயிடுச்சு. நீ இன்னாத்துக்கு டைம் பாக்காம போட்ட?" என்று பிடித்துக்கொண்டார் தையல்காரி ஷமீம்.

ரகு எழுந்து வந்தார். "இத்தனை பேர் கேக்கறீங்களா? ஒருநாள்கூட போன் பண்ணலியே?"

"போன் பண்ணா பேரு சொல்லணும், ஊருக்கே கேக்கும். ஆபா தினம் காலைல எங்க தெருவுலதானே போவாங்க. நிகழ்ச்சி எப்படி இருந்துச்சுன்னு வாசல்லயே சொல்லிடுவோம்" என்றார் ஷமீம்.

இத்தனை பேர் கேட்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆபா? வாசலில் சொன்னது வாசலோடு இருக்கட்டும் என்றா? இல்லை, நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டுமா?

அன்று வாங்கிய திட்டு போல எதுவும் என்னைச் சந்தோஷப்படுத்தியதில்லை. அவர்கள் போனதும் அழுதுவிட்டேன். நிகழ்ச்சி நிற்கவில்லை. ஷமீமும் நானும் நடத்துகிறோம். என் உருதைக் கேட்டுத் தெருவே சிரிக்கிறதாம். காலையில் அந்தத் தெரு வழியாகத்தான் நானும் இப்போது நடக்கிறேன்.

வரும் வியாழக்கிழமை ஏழு பேரும் விட்ட நோன்பை வைக்கிறார்கள். கெடுத்தவள் நானாயிற்றே, நானும் வைக்கிறேன். தவக்காலத்தில் ஒருவேளை சாப்பாட்டை விட்டுப் பழகியவள்தான், ஆனால் தண்ணீர்கூட இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது. அன்று மாலை மைக் முன்னால் நான்தான் உட்காருவேன். பாங்கு காதில் விழாமல் வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் சாந்தோம் தங்கச்சி,
ஸ்டெல்லா