முழங்கால் உயரப் புதையல்

அன்புத் தங்கச்சிக்கு,

எவரும் நம்பப்போகாத வரலாறு ஒன்றைச் சத்தியம் செய்து எழுதுகிறேன். நீ அனுப்பிவைத்த பிள்ளைகள் இருவரும் நேற்று என் வீட்டில் நான் ஒளித்துவைத்த மிட்டாய்களைத் தேடிப் புதையல் வேட்டை ஆடினார்கள். குளியலறையில் ஏழு கடல் தாண்டினார்கள். சோபாவுக்கு அடியில் முதலையோடு மல்லுக்கட்டி, அதன் பல்லிடுக்கிலிருந்து என் செருப்பை மீட்டார்கள்.

குனிந்து குனிந்து அலுத்துப்போன பெரியவள், "ஏன் மாமா எல்லாத்தையும் இவ்ளோ கீழ ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள்.

வருடாவருடம் உன் சின்னவனுக்கு எட்டும்படி வைத்துப் பழகிய கை. அவனைப் பறிகொடுத்த பிறகும் முழங்கால் உயரத்துக்கே போயிருக்கிறது. அந்த உயரத்தைக் கையால் அளந்து காட்டினேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கடைசி மிட்டாயை எடுக்கப்போன நடுப்பிள்ளையைத் தடுத்து, "அது தம்பியோடதுடா" என்றாள்.

கடலும் முதலையும் புளுகுதான். நாற்காலிக்கு அடியில் அந்த மிட்டாய் இருப்பது மட்டும் நிஜம். இன்று அதைச் சுற்றித்தான் பெருக்கினேன்.

உன் புளுகுமூட்டை அண்ணன்